விழும் குலையும் கலிலியோவும்



பகாவ் பக்கமோ லிங்கி பக்கமோ, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். உயர்ந்த மரத்தில் அரிவாள் பட்டதும் குலை தொப்பென்று விழும். கூடவே உதிரிப் பழமும் நாலைந்து விழும். இரண்டும் ஒரே நேரத்தில் கழன்றால் எது முதலில் தரையைத் தொடும்? கனமான குலைதான் என்று சொல்லத் தோணும். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னார் என்பதற்காக, ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் படித்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அது தப்பு என்று கணக்கோடு நிறுவியவர் கலிலியோ.

1564 பிப்ரவரி 15-இல் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தகப்பனார் வின்சென்சோ இசைக் கலைஞர், வசதி குறைவு. மகன் வைத்தியராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ மனசெல்லாம் கணக்கில். 1585-இல் பட்டம் வாங்காமலே படிப்பை விட்டார். கற்பதை மட்டும் விடவில்லை. 1589-இல் அதே பீசா பல்கலைக்கழகத்தில் சொற்பச் சம்பளத்தில் கணித ஆசிரியரானார். 1591-இல் தகப்பனார் கண்மூட, குடும்பப் பாரம் மூத்த பிள்ளையின் தோளில் ஏறியது. தங்கைமாரின் சீதனக் கடன் வேறு! அடுத்த ஆண்டு பதுவா நகருக்கு வேலைக்குப் போனவர், வீட்டிலும் மாணவர்களை வைத்துப் பாடம் சொல்லிச் சம்பாதித்தார்.

பீசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டுக் காட்டினார் என்று அவர் சீடர் எழுதி வைத்தார். அது நடந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பதுவாவில் அவர் செய்த சோதனை உறுதியானது. நேராக விழும் பொருளை அளக்க அன்று கடிகாரம் ஏது? ஆகவே பலகையில் பள்ளம் செதுக்கி, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை மெதுவாக உருட்டினார். பாத்திரத்தின் சிறு துவாரம் வழியாகத் தண்ணீரை ஒழுகவிட்டு, அதை நிறுத்துப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டார்.

என்ன கண்டார்? சமமான நேரங்களில் குண்டு கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகிறது. நேராக விழும் பொருளுக்கும் இதே கணக்குதான். முதல் விநாடியில் சுமார் 5 மீட்டர், அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 25. கனம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. இறகு மெல்ல மிதந்து வருவது காற்று தடுப்பதால்தான்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை ஆதரித்ததற்காக 1633-இல் ரோமாபுரியில் அவருக்குத் தண்டனை விதித்தார்கள். கடைசிவரை வீட்டுக்காவல்; கண்பார்வையும் போயிற்று. அப்படியும் ஓயவில்லை. விழும் பொருள் பற்றிய அவருடைய நூல் 1638-இல் ஹாலந்தில் அச்சேறியது. 1642 ஜனவரி 8-இல் மறைந்தார்.

அவர் வழியைப் பலர் தொடர்ந்தார்கள். 1821-இல் சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் கோல்டிங்காம் என்பவர் ஊசலை ஆட்டி, பூமியின் இழுப்பை அளக்க உதவும் ஆய்வு செய்தார். 1971-இல் நிலவில், காற்றே இல்லாத இடத்தில், டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இந்தக் கணக்கு நமக்கு எதுக்குங்க என்று கேட்காதீர்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து குலை தரைக்கு வர ஏறக்குறைய 1.4 விநாடிதான். வந்து சேரும்போது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்! வேகம் ஒன்றானாலும், கனம் கூடினால் அடியும் பலமாகும். விழும்போது விலகிக்கொள்ளலாம் என்ற தைரியம் ஆகவே ஆகாது. வெட்டும் முன்பே ஒதுங்கி நில்லுங்கள். பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றாதீர்கள்.

ஏன், எப்படி என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். பெரியவர் சொன்னதையும் சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் கலிலியோவின் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம்.