தீயில் மாண்ட கணித யந்திரம்

ஜெர்மனி தேசத்து வில்ஹெல்ம் ஷிக்கார்ட் செய்த அரிய காரியத்தை உலகம் முந்நூறு வருஷங்களுக்கு மேல் அறியாதிருந்தது. பின்னர் இரண்டு காகிதங்களே அவருக்கு நியாயம் வழங்கின.

1592-ம் வருஷம் வூர்ட்டம்பர்க் நாட்டில் ஹெரன்பர்க் என்னும் ஊரில் பிறந்த ஷிக்கார்ட், டூபிங்கன் சர்வகலாசாலையில் பயின்று, பாதிரியாராக ஊழியம் செய்து, 1619-ல் அங்கேயே ஹீப்ரு மொழி ஆசிரியரானார். வான சாஸ்திரம், பூமி அளவை, சித்திரச் செதுக்கு வேலை ஆகியவற்றிலும் அவர் கைதேர்ந்தவர். வானநூல் மேதையான கெப்ளர் அவருடைய உற்ற சிநேகிதர். கிரகங்களின் கதியைக் கணிப்பதில் கெப்ளர் வருஷக்கணக்காகப் பட்ட சிரமத்தை ஷிக்கார்ட் நன்கு அறிந்திருந்தார்.

1623-ம் வருஷம் செப்டம்பரில், தாம் ஒரு கணித யந்திரம் செய்திருப்பதாகக் கெப்ளருக்குக் கடிதம் எழுதினார். ஆறு இலக்கம் வரை கூட்டலும் கழித்தலும் செய்யக்கூடியது அது. ஒரு சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றியதும் அடுத்த சக்கரம் ஓர் இலக்கம் நகரும். தொகை எல்லை மீறினால் மணி ஒலிக்கும். பெருக்கலுக்கு உதவியாக, ஸ்காட்லாந்து அறிஞர் நேப்பியரின் வாய்பாடுகள் பொறித்த உருளைகள் மேலே அமைந்திருந்தன. கெப்ளருக்கென்று தயாராகி வந்த மற்றொரு யந்திரம் முடிவு பெறுமுன்பே இரவில் மூண்ட தீயில் எரிந்துபோன துக்கச் செய்தியை, 1624 பிப்ரவரியில் அவரே தெரிவித்தார்.

தீயை விடக் கொடிய யுத்தம் பின்னர் வந்தது. முப்பதாண்டு யுத்தத்தில் 1634-ல் வூர்ட்டம்பர்க் சத்துருப் படைகளின் வசமாயிற்று. படைகளைத் தொடர்ந்து கொள்ளைநோயும் புகுந்தது. மனைவி மக்களைப் பறிகொடுத்த ஷிக்கார்ட், 1635 அக்டோபரில் தாமும் அந்நோய்க்கே இரையானார். அவர் செய்த யந்திரம் ஒன்றேனும் மிஞ்சவில்லை. 1642-ல் இவ்வேலையைத் தொடங்கிய பிரெஞ்சு மேதை பாஸ்கலையே முதல்வர் என்று உலகம் கொண்டாடிற்று.

கெப்ளரின் காகிதங்களை ஆராய்ந்த பிரான்ஸ் ஹாம்மர் என்னும் அறிஞர், அவற்றில் ஷிக்கார்ட் வரைந்த சித்திரம் ஒன்றைக் கண்டார். ஸ்டுட்கார்ட் நகரில் இன்னொன்றும் அகப்பட்டது. 1957-ல் விஷயம் வெளியாயிற்று. 1960-ல் டூபிங்கன் பேராசிரியர் பிரைடாக் லோரிங்ஹாப் அவ்யந்திரத்தை மறுபடி செய்து இயக்கிக் காட்டினார்.

இன்று அச்சக்கரங்களைக் கணினித் திரையிலும் எழுப்பிச் சுழற்றிப் பார்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். 999999 என்ற எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் ஆறு சக்கரங்களும் ஒருங்கே நகர வேண்டும். திரையில் இது எளிது. உராய்வுள்ள நிஜச் சக்கரங்களுக்கோ பெரும் பலம் வேண்டும். சித்திரம் சொல்லாத அளவுகளை இக்காலத்தவர் ஊகித்தே நிரப்புகின்றனர். ஷிக்கார்ட் வரைந்தது எது, நாம் சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

தீயும் யுத்தமும் நோயும் அழிக்க முடியாததை, சிநேகிதருக்கு எழுதிய கடிதமும் கைச் சித்திரமும் காத்தன. அறிஞரின் பழங்காகிதத்தைக் குப்பையென எறியும் தேசம் தன் புகழையே எறிகிறது என்பதை மறவாதிருப்போமாக.