ஜூலை தந்த ஜூலியஸ் சீசர்

ஜூலை மாதத்திற்கு ஒரு காலத்தில் குவின்டிலிஸ் என்று பெயர். ஐந்தாம் மாதம் என்பது அதன் பொருள். பண்டைய உரோமையரின் ஆண்டு ஆதியில் மார்ச்சில் தொடங்கியதால் அது ஐந்தாம் மாதமாயிற்று. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையுள்ள பெயர்களும் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்னும் இலத்தீன் எண்களிலிருந்து வந்தவையே. இன்று அவை தமக்குரிய இடத்தைவிட்டு இரண்டு படி தள்ளி அமர்ந்திருக்கின்றன! அந்தக் குவின்டிலிஸ் மாதத்தில், கி.மு. 100ஆம் ஆண்டில், உரோமாபுரியில் பிறந்தவர் காயுஸ் ஜூலியஸ் சீசர்.

பழம்பெரும் குடும்பம், ஆனால் செல்வம் அதிகமில்லை. பதினாறு வயதளவில் தந்தையை இழந்தார். அப்போது நடந்த உள்நாட்டுப் போரில் வென்று சர்வாதிகாரியான சுல்லா, தம் பகைவரின் மகளான கொர்னேலியாவை விலக்கிவிடும்படி அவளுடைய கணவரான சீசருக்குக் கட்டளையிட்டார். சீசர் மறுத்துவிட்டார். மனைவியின் சீதனம் பறிபோயிற்று. அவரும் உயிருக்கு அஞ்சி ஊர் ஊராக ஒளிந்து திரிந்தார். சீசரின் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுதான். பிற்காலத்தில் மற்றொரு மனைவியை வெறும் சந்தேகத்தின்பேரில் விலக்கியவரும் இவரே என்பது வேறு கதை.

ஒருமுறை கடற்கொள்ளையர் அவரைப் பிடித்து 20 தாலந்து கேட்டனர். தம்முடைய மதிப்பு அவ்வளவு குறைவா என்று சிரித்து, 50 கேட்கும்படி சொன்னாராம். விடுதலையானதும் கப்பல்களுடன் திரும்பிவந்து அவர்களைப் பிடித்துச் சிலுவையில் அறைந்தார். சிரிப்பும் கொடுமையும் அவரிடம் ஒன்றாகவே குடியிருந்தன.

கி.மு. 63இல் உரோமையின் தலைமைக் குருவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொந்திஃபெக்ஸ் மாக்சிமுஸ் என்னும் அந்த இலத்தீன் பட்டம் பிற்காலத்தில் நம் திருத்தந்தையரைக் குறிக்க வழங்கலாயிற்று. அன்றைய உரோமையில் நாட்காட்டியைக் காப்பது அந்தக் குருக்களின் கடமை. அதில்தான் பெரிய ஊழல் இருந்தது. உரோமை ஆண்டுக்கு 355 நாட்களே. சூரியனோடு ஒத்துப்போக, அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எப்போது சேர்ப்பது என்பது குருக்களின் விருப்பம். நண்பர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டுவார்கள். பகைவர் இருந்தால் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். மாதத்தின் முதல் நாளாகிய கலெண்டேயில் வட்டி கட்ட வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தின் பெயரிலிருந்தே காலண்டர் என்ற சொல் பிறந்தது. ஆகவே ஒரு மாதம் கூடினாலும் குறைந்தாலும் கடன்பட்ட ஏழையையும் அது தொட்டது. காலத்தையே சிலர் தம் கைப்பொருளாக வைத்திருந்தார்கள்!

தலைமைக் குருவான சீசர் இதைத் திருத்தினாரா? இல்லை. கி.மு. 58 முதல் எட்டு ஆண்டுகளுக்கு மேல் கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சும் அதன் சுற்றுப்புறமும் உள்ள பகுதியில், போரிலேயே கழித்தார். ரைன் நதிமீது பத்தே நாட்களில் மரப்பாலம் கட்டினார் என்று புகழ்கிறோம். அந்தப் போர்களில் மாண்டவர்களும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் இலட்சக்கணக்கானோர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். பின்பு கி.மு. 49இல் ரூபிகன் ஆற்றைக் கடந்து சொந்த நாட்டின்மீதே படையெடுத்தார். எதிரி பொம்பேயை வென்று, அவரைத் துரத்திக்கொண்டு எகிப்துக்குப் போனார். இதற்கிடையில் நாட்காட்டி சூரியனைவிட ஏறக்குறைய மூன்று மாதம் பிசகிவிட்டது. அறுவடைத் திருவிழா வரும், வயலில் கதிர் இராது!

எகிப்தியர் 365 நாள் கொண்ட ஆண்டை வெகுகாலமாகவே அறிந்திருந்தனர். எனவே சீசர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. அலெக்சாந்திரியாவின் வானியல் அறிஞர் சோசிஜெனஸின் ஆலோசனையைக் கேட்டார். முதலில் பழைய பிசகைத் தீர்க்க, கி.மு. 46ஆம் ஆண்டில் மூன்று மாதங்களைக் கூட்டினார். அந்த ஓர் ஆண்டு 445 நாட்கள் நீடித்தது! கி.மு. 45 ஜனவரி முதல் நாளிலிருந்து ஆண்டுக்கு 365 நாட்கள், நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்று விதித்தார். இனி எந்தக் குருவும் எந்த நண்பருக்காகவும் ஒரு நாளைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. எண்ணத் தெரிந்த எவரும் அடுத்த ஆண்டின் நாட்களைத் தாமே கணக்கிடலாம். எல்லா அதிகாரத்தையும் தம் கையில் சேர்த்துக்கொண்ட மனிதர், இந்த ஓர் அதிகாரத்தை மட்டும் எவர் கையிலும் இல்லாமல் செய்தது விந்தையன்றோ!

அவருக்கு அந்த நாட்காட்டியில் ஓர் ஆண்டும் சில வாரங்களுமே கிடைத்தன. வாழ்நாள் முழுமைக்கும் சர்வாதிகாரி ஆனதைப் பொறுக்காத செனட்டர்கள், கி.மு. 44 மார்ச் 15 அன்று அவரை 23 இடங்களில் குத்திக் கொன்றனர். அவர் முன்பு மன்னித்துவிட்ட புரூட்டஸும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டில்தான் குவின்டிலிஸ் அவர் பெயரால் ஜூலை ஆயிற்று.

அவருடைய கணக்கில் ஒரு சிறு குறை இருந்தது. ஆண்டின் நீளம் உண்மையைவிட சுமார் 11 நிமிடம் அதிகம். அந்த நிமிடங்கள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் இரவும் பகலும் சமமாகும் வசந்தகால நாள் மார்ச் 21இலிருந்து 11க்கு வந்துவிட்டது. அந்த நாளைக் கொண்டே உயிர்ப்புப் பெருவிழாவைக் கணக்கிடுவதால் திருச்சபைக்குக் கவலை ஏற்பட்டது. லிலியுஸ் என்ற மருத்துவர் வகுத்த திட்டத்தை, இயேசு சபைக் குரு கிளாவியுஸ் முதலியோர் ஆராய்ந்தனர். திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் அதை ஏற்று, 400 ஆண்டுகளில் மூன்று லீப் நாட்களை நீக்கினார். சேர்ந்துவிட்ட பத்து நாட்களைப் போக்க, 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்தார்.

அவிலா நகர்ப் புனித தெரேசாள் ஸ்பெயினில் இறந்தது அந்த அக்டோபர் 4ஆம் நாள் இரவில்தான். மறுநாள் அடக்கம் செய்தபோது தேதி 15. அவருடைய திருநாளையும் நாம் அக்டோபர் 15 அன்றே கொண்டாடுகிறோம்.