இரு களம் கண்ட வீரர் எம். ஜே. கோபாலன்

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையில், ஐந்து தாலந்து பெற்ற ஊழியனையும் ஒன்றை மண்ணில் புதைத்த ஊழியனையும் நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். இடையே இரண்டு தாலந்து பெற்ற ஒருவனும் இருக்கிறான். அவனை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. விளையாட்டுத் துறையில் அவ்வாறு இரண்டு தாலந்து பெற்றவர் சென்னை எம். ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய பெருமை அவருக்கு உண்டு.

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அவர் பிறந்தார். அவரது பந்துவீச்சுத் திறனைக் கண்டு ஊக்குவித்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய முயற்சியால் பர்மா ஷெல் கம்பெனியில் கோபாலனுக்கு வேலையும் கிடைத்தது. விளையாட்டை மட்டும் நம்பி உண்டு உடுத்து வாழ இயலாத காலம் அது.

பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே நடந்த மாகாணப் போட்டிகளில் அவர் புகழ் பெற்றார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்து, சி. கே. நாயுடுவின் தலைமையில் ஆடினார். அதுவே அவர் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயம். ஒரே டெஸ்ட் பந்தயமும் அதுவே! அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டத்தின் முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன். ஒரே நாளில் முடிந்த அந்த ஆட்டத்தில் சென்னை வெற்றி வாகை சூடியது.

ஹாக்கியிலும் அவர் பின்தங்கவில்லை. 1935இல் தியான்சந்துடன் கப்பலேறி நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். அந்தப் பயணத்தில் இந்திய அணி அடித்த கோல்கள் 584. அவற்றுள் தியான்சந்து ஒருவரே அடித்தவை 201.

மறு ஆண்டு, 1936இல், வந்தது சோதனை. ஒரே கோடைகாலத்தில் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கும், ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்கும் புறப்பட ஆயத்தமாயின. இரண்டிலும் வாய்ப்பிருந்த கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஆனால் இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்ட் பந்தயங்களில் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினிலோ ஆகஸ்டு 15ஆம் நாள் நம் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிற்று.

அத்துடன் அவர் ஆட்டத்தை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை என்பதே நாம் கருத வேண்டியது. ஊர் திரும்பியபின் சென்னைக்காகப் பல ஆண்டுகள் பந்து வீசினார். பின்னர் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். 1950களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய கிரிக்கெட் போட்டிக்கு, அவர் வாழ்நாளிலேயே, கோபாலன் கோப்பை என்று பெயரிட்டார்கள். இலங்கை டெஸ்ட் தகுதி பெறுவதற்கு முந்தைய அந்த ஆண்டுகளில் அந்நாட்டு வீரர்களுக்கு அது நல்ல பயிற்சிக் களமாயிற்று. 2003 டிசம்பர் 21ஆம் நாள், 94ஆம் வயதில், கோபாலன் சென்னையில் காலமானார்.

நமக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர் பெற்ற ஊர். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து மாணவியரும் மைதானத்தில் பிறருக்கு இளைத்தவர் அல்லர். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, விளையாட்டைத் தொடர்வதா விடுவதா என்ற கேள்விகள் நம் இல்லங்களிலும் எழுகின்றன. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விடத்தான் வேண்டும். எடுத்தது ஏமாற்றமும் தரலாம். அப்போது வாழ்வே போயிற்று என்று மகளும் கலங்க வேண்டாம், அவளைப் பெற்றோரும் கடிய வேண்டாம். தங்கப் பதக்கம் கோபாலனுக்குக் கிட்டவில்லை. ஆயினும் பெற்ற தாலந்தை அவர் மண்ணில் புதைக்கவில்லை. அந்த மனத்திட்பத்தை இறைவன் நமக்கும் அருள்வாராக!