டால்டாவுக்கு எதிராகக் கணக்கு போட்ட ஆடிட்டர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

மதுரையில் ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா கடை முன்னால் நிற்பவர்கள் யாரும் கல்லில் ஊற்றுவது என்ன எண்ணெய் என்று கேட்பதில்லை. சால்னா காரமா இருக்கா, அவ்வளவுதான். ஆனால் நம்ம அப்பா, அம்மா காலத்தில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: டால்டா. கடையில் மட்டுமில்லை, தீபாவளிப் பலகாரத்திலும் அதுதான். காலியான டப்பாவில் மண்ணைப் போட்டு துளசி வைத்த வீடுகள் ஏராளம்.

அந்த மஞ்சள் டப்பா இந்திய அடுப்படிக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்திலேயே, இது வேண்டாம் என்று சொன்னவர்களில் ஒருவர் ஜே.சி.குமரப்பா. கடைசி சில வருஷங்கள் அவர் வாழ்ந்தது மதுரைக்குப் பக்கத்தில், டி.கல்லுப்பட்டியில். அவர் டாக்டர் இல்லை, சித்த வைத்தியரும் இல்லை. லண்டனில் படித்த ஆடிட்டர். வனஸ்பதி விஷயத்தில் அவர் பேசியதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் ரொம்ப முக்கியம்.

கோட்டு சூட்டிலிருந்து கதருக்கு

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு, அம்மா கூப்பிட்டதால் 1919-ல் ஊர் திரும்பி, பம்பாயில் ஆடிட் தொழில் செய்தார். 1921-ல் மதுரையில் காந்தி மேல்சட்டையைத் துறந்தபோது, இவர் பம்பாயில் ஐரோப்பிய உடையில் கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகம். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவு எப்படி இந்தியாவை ஏழையாக்கியது என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதைப் பிரசுரிப்பது பற்றிப் பேசத்தான் 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்த பெரியவர்தான் காந்தி என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் சூட்டோடு தரையில் உட்கார்ந்தார். தாத்தா வழிப் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டு கதருக்கு மாறியது எல்லாம் அந்தக் காலகட்டத்தில்தான்.

உடை மாறினாலும் ஆடிட்டர் புத்தி மாறவில்லை. 1934 பீகார் பூகம்ப நிவாரணத்துக்கு அவர்தான் கணக்கு பார்த்தார். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூணு அணாதான் என்று வரம்பு போட்டிருந்தார். காந்தி தன் குழுவோடு வந்தபோதும், அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அதே வருஷம் டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்ததில் ஆச்சரியமில்லை.

வனஸ்பதின்னா என்ன?

எண்ணெயைச் சூடாக்கி, நிக்கலை வினையூக்கியாகப் போட்டு, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் திரவ எண்ணெய் நெய் மாதிரி உறையும். ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் டால்டா என்ற பெயர் 1937-ல் வந்தது. சீக்கிரம் கெடாது, பார்க்க நெய் மாதிரி இருக்கும், விலையும் நெய்யைவிடக் கம்மி. நடுத்தரக் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

குமரப்பா வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு மூட்டை நிலக்கடலை ஊரில் விளைகிறது. அதை ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் சாணி வயலுக்கு. செக்குக்காரருக்குக் கூலி. எதுவும் ஊரை விட்டுப் போகவில்லை. அதே மூட்டை மில்லுக்குப் போனால்? புண்ணாக்கும் அதோடு போய்விடும். விவசாயி, தான் விளைவித்த கடலையின் எண்ணெயையே டப்பாவில் அடைத்து, கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குவார். மாட்டுக்குத் தீனி தனிச் செலவு. செக்குக்காரருக்கு வேலை போச்சு.

கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் இந்த நஷ்டம் எதுவும் வராது. ஊரின் கணக்கில்தான் வரும். அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை என்பதுதான் அவருடைய கோபம்.

இன்னொரு புகார் கலப்படம். நிஜ நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நியாயமாக நெய் விற்பவர் போட்டியில் தோற்பார்.

சும்மா எதிர்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அவர் இருந்த வார்தா மகன்வாடியில் ஜவேர்பாய் படேல், பழைய செக்கைச் சீரமைத்து ‘மகன் காணி’ என்ற மேம்பட்ட செக்கை உருவாக்கினார். தீட்டிய மில் அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் பனை வெல்லம் என்று சங்கம் வேலை செய்தது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடும், அது குறைந்தால் பெரிபெரி வரும் என்பது அப்போதே அறிவியல் ஒத்துக்கொண்ட விஷயம். பனை விஷயத்தில் மறுபடி அவர் கணக்குதான்: பனைக்கு நல்ல நிலமும் வேண்டாம், தண்ணீரும் பாய்ச்ச வேண்டாம், கரும்புக்கு இரண்டும் வேண்டும். அந்த நிலத்தில் தானியம் போடலாமே என்றார்.

எதிர்ப்பு என்ன ஆச்சு?

தோற்றது. சுதந்திரம் வந்த பிறகு தாகூர் தாஸ் பார்கவா வனஸ்பதியைத் தடை செய்ய நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. தடை செய்யாவிட்டாலும் நிறமாவது சேருங்கள், நெய்யில் கலந்தால் தெரியட்டும் என்ற கோரிக்கைக்கும் ஏற்ற சாயம் கிடைக்கவில்லை என்றே காலம் போனது. கடைசியில் வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் என்று விதி வந்தது. நல்லெண்ணெய் இருந்தால் ஒரு எளிய ரசாயனச் சோதனையில் சிவப்பு நிறம் வரும், கலப்படம் மாட்டிக்கொள்ளும். செக்கை ஓரங்கட்டிய பொருளுக்குள், செக்கில் ஆட்டும் எள்ளெண்ணெய் உளவாளியாகப் போனது வேடிக்கைதான்.

1949-ல் வெளியான காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு அறிக்கைக்குத் தலைவர் குமரப்பா. ஆனால் பெரிய ஆலைகள், பெரிய அணைகள் என்று நாடு போன திசையில் அவருக்கு இடமில்லை. கடும் ரத்த அழுத்தம் வேறு. 1950-களில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். மதுரையிலிருந்து திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போகும் ரோட்டில், பருத்தி விளையும் கரிசல் பக்கம். 1940-ல் வேங்கடாசலபதி தொடங்கிய ஆசிரமம் அது. அங்கே ஒரு சின்னக் குடிலில் இருந்தார். சுவரில் ஒரு ஏழைக் கிராமவாசியின் படம் மாட்டியிருந்ததாகவும், யார் என்று கேட்டவர்களிடம், காந்தி தன் எஜமானர், இவர் அந்த எஜமானருக்கே எஜமானர் என்று விளக்கியதாகவும் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார்.

அவர் சொன்னது சரியா?

இங்கே ஒன்றைக் கலக்காமல் சொல்ல வேண்டும். டிரான்ஸ் கொழுப்பு பற்றி குமரப்பா சொன்னார் என்று ஃபார்வர்டு மெசேஜ் வந்தால் நம்பாதீங்க. எண்ணெயை அரைகுறையாக ஹைட்ரஜனேற்றம் செய்யும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று நெதர்லாந்தின் மென்சிங்கும் கட்டானும் காட்டியது 1990-ல். குமரப்பா இறந்து 30 வருஷம் கழித்து. டிரான்ஸ் கொழுப்பால் வரும் இதய நோயில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் மதிப்பிட்டது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதன் வரம்பு 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. வனஸ்பதிக்கு இன்றும் தடை இல்லை, அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்புக்குத்தான் கட்டுப்பாடு.

அதாவது, டப்பாவை வேண்டாம் என்றதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்று, பிறகு சட்டம் மாறியதற்கான காரணம் வேறு. அவருடைய காரணத்துக்கு இன்னும் யாரும் சட்டம் போடவில்லை.

இப்போது மதுரையில் மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் நிறைய வந்துவிட்டன. மோட்டாரில் ஓடும் செக்கு, கண்ணாடி பாட்டில், பாக்கெட் எண்ணெயைவிடக் கூடுதல் விலை. வாங்குகிறவர்கள் அநேகமாக நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள். கடலை விளைவிக்கிற வீட்டில் பெரும்பாலும் பாக்கெட் பாமாயில். அடுத்த முறை செக்குக் கடைக்குப் போனால், பாட்டிலை வாங்கும்போதே இன்னொன்றையும் விசாரிக்கலாம்: புண்ணாக்கு எங்கே போகுது?