தந்தி தந்த டாக்டர்

தந்தி வந்தால் மதுரைச் சீமையில் வீடே கலங்கிய காலம் ஒன்று உண்டு. அந்தத் தந்தியை இந்தியாவில் அமைத்தவர் ஒரு டாக்டர்! பெயர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி. 1809-ல் அயர்லாந்தில் பிறந்தார். 1833-ல் கல்கத்தா வந்தார். மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

கஞ்சா மருந்து

நம் நாட்டு வைத்தியர்கள் கஞ்சாவை மருந்தாகக் கொடுப்பதை அறிந்தார். முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1839-ல் முடிவுகளை வெளியிட்டார்.

பிறந்து 40 நாளே ஆன குழந்தைக்குக் கடும் வலிப்பு. கஞ்சா மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். வலிப்பு நின்றது. குழந்தை பிழைத்தது!

கீல்வாதக்காரர் ஒருவருக்கோ வேறு விதம். அவர் கையைத் தூக்கி வைத்தால், வைத்தபடியே நின்றது! மரப்பாச்சி போலக் கிடந்தவர், சில மணி நேரம் கழித்தே தெளிந்தார். ஓயாமல் கஞ்சா புகைப்பவருக்குப் புத்தி பேதலிக்கும் என்பதையும் ஓஷாக்னசி எழுதி வைத்தார்.

ஒரே பூண்டு உடலையும் மனதையும் ஆட்டுவது எப்படி? விடை காணாமலே, 1889-ல் அவர் காலமானார்.

மூளையில் ஆனந்தம்

விடை பின்னாளில் வந்தது. கஞ்சாவின் சத்தைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருள் மூளையிலேயே ஊறுகிறது! 1992-ல் அதைக் கண்டவர்கள், 'ஆனந்தம்' என்ற நம் நாட்டுச் சொல்லை வைத்து 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். கை கால் அசைவையும் மனதையும் ஆளும் மூளைப் பகுதிகளில், நரம்புச் செய்திகள் மிஞ்சாமல் அடக்குவது அதன் வேலை. கஞ்சா அங்கே புகுந்து அந்த அளவைக் குலைக்கிறது.

இன்று கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த, போதை தராத மருந்தை, சில குழந்தைகளின் கடும் வலிப்புக்கு டாக்டர்கள் தருகிறார்கள். ஆனால் இள வயதில் கஞ்சா புகைப்பவருக்கு மனநோய் வரும் அபாயம் அதிகம். ஓஷாக்னசி அன்று கண்ட இரண்டுமே உண்மை!