எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். கடல்வாழ் உயிரினங்களின் விந்தணு முதல் மனிதத் தசை வரை, புரதங்களில் பாஸ்பேட்டு இணையும் வினை பற்றிய ஆய்வுகளுக்கு இவரது கண்டுபிடிப்புகள் அடித்தளமாக அமைந்தன.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாம் முயற்சியில், சென்னையில் பயின்றபோது தேர்ச்சி பெற்றார். மாநிலக் கல்லூரியில் படித்தபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். விடுதலை இயக்கத்தின் தாக்கத்தால் கதராடை அணிந்தது அறுவை மருத்துவப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. இதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே இவருக்குக் கிடைத்தது. இவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் குடல் நோயால் இறந்தனர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த பின், பாஸ்டன் சென்றார்.

பாஸ்பரஸ் ஆய்வுகள்

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க்குடன் இணைந்து, குருதி முதலிய உயிர்ப்பொருள்களில் உள்ள பாஸ்பரசை நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். இது பிஸ்க்-சுப்பாராவ் முறை எனப்படுகிறது. தசைச் சாற்றை இம்முறையில் சோதித்தபோது நிறம் தோன்றத் தாமதமானது. எளிதில் சிதையும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று அதில் இருந்ததே காரணம். இதுவே பாஸ்போகிரியேட்டின் ஆகும். 1927இல் இது அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்ல்டன் தம்பதியரும் இதனைக் கண்டறிந்தனர். 1929இல் பிஸ்க்கும் சுப்பாராவும் ஏடிபியைக் கண்டறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியே கண்டறிந்தார்.

விந்தணு ஆய்வுகளில் பயன்

கடல் முள்ளெலியின் விந்தணு, முட்டையை அடைய நீண்ட தொலைவு நீந்த வேண்டும். தலைக்கருகே உள்ள இழைமணியில் உருவாகும் ஆற்றலை வால் நுனி வரை கொண்டுசெல்வதில் பாஸ்போகிரியேட்டின் பங்கு வகிக்கிறது என்பது 1980களில் தெரியவந்தது. முட்டையைச் சூழ்ந்த கூழிலிருந்து வரும் சிறு புரதத்துண்டுகள் விந்தணுவைத் தூண்டுகின்றன. அப்போது கைனேசு நொதிகள் ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களில் இணைத்து, அவற்றின் செயலை மாற்றுகின்றன. இதுவே புரதப் பாஸ்பேட்டேற்றம் எனப்படுகிறது.

லெடர்லே ஆய்வகத்தில்

ஹார்வர்டில் 1930இல் முனைவர் பட்டம் பெற்றபோதும் அங்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்து, பின் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். இவரது தலைமையில் 1945இல் போலிக் அமிலம் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்புரூ நோய்க்கு இது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின், புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட்டு ஆகியனவும் இவரது குழுவில் உருவானவை. இக்குழு தயாரித்த அமினோப்டெரின் மருந்தைக் கொண்டே சிட்னி பார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார்.

மறைவு

1948இல் தமது 53ஆம் வயதில் நியூயார்க் மாநிலத்தில் காலமானார். அமெரிக்கா சென்றபின் இந்தியா திரும்பாமலேயே அவர் வாழ்வு முடிந்தது. அவரது நினைவாக ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிடப்பட்டது. 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.