தியோடர் வெய்ல் (1845 – 1920): தொலைபேசிச் சேவையைக் கட்டியெழுப்பிய முகாமையாளர்



தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் எனக் கேட்டால் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் என உடனே விடை எழுதுவீர்கள். அது சரியே. ஆனால் ஊரில் ஒரு வீட்டில் மட்டும் தொலைபேசி இருந்தால் அதனால் என்ன பயன்? மறுமுனையில் பேசுவதற்கு இன்னொருவரிடமும் தொலைபேசி இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கக் கம்பி வேண்டும். கம்பிகள் வந்து சேரப் பரிவர்த்தனை நிலையம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மூலதனமும் முகாமைத்துவமும் தேவை. ஐக்கிய அமெரிக்காவில் இந்த வேலையை முன்னின்று செய்தவர் தியோடர் நியூட்டன் வெய்ல் ஆவார். அவருடைய வாழ்க்கையைப் படித்தால் முயற்சியாண்மை, போட்டி, தனியுரிமை, அரச ஒழுங்குபடுத்தல் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் விளங்கிக்கொள்ளலாம்.

1. இளமைக் காலம்

வெய்ல் 1845ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்ததும் படித்ததும் நியூ ஜேர்சி மாநிலத்தின் மொறிஸ்ரவுண் நகரில். தந்தி முறையை உருவாக்குவதில் மோர்ஸ் என்பவருக்குத் துணை நின்ற அல்பிரட் வெய்ல் இவருடைய உறவினர். பாடசாலை முடிந்தபின் மருந்துக் கடை ஒன்றில் வேலை செய்தார். அந்தக் கடையிலேயே தந்தி அலுவலகமும் இருந்ததால் தந்தி அனுப்பப் பழகிக்கொண்டார். சிறிது காலம் மருத்துவமும் படித்தார், அதை முடிக்கவில்லை. 1866இல் குடும்பத்துடன் அயோவா மாநிலத்துக்குச் சென்று விவசாயம் செய்தார். 1868இல் வயோமிங் பிரதேசத்தில் ஆளரவம் குறைந்த ஒரு புகையிரத நிலையத்தில் தந்தி இயக்குநரானார். இருபத்து மூன்று வயது வரை எந்த வேலையிலும் அவர் நிலைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2. தபால் சேவையில் கற்ற பாடம்

பின்னர் புகையிரதத் தபால் சேவையில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. ஓடும் புகையிரதத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்குவதே அந்த வேலை. மற்றவர்கள் கைக்கு வந்தபடி பிரித்தார்கள். வெய்லோ எந்த ஊர்க் கடிதம் எந்தப் பாதையில் சென்றால் விரைவாகப் போய்ச் சேரும் என ஆராய்ந்து அட்டவணைகள் தயாரித்தார். இதனால் தாமதம் குறைந்தது. மேலதிகாரிகளின் கவனமும் அவர்மீது திரும்பியது. 1873இல் வோஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். 1876இல் நாடு முழுவதுக்குமான புகையிரதத் தபால் சேவையின் தலைமை அத்தியட்சகரானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது மட்டுமே.

எங்கிருந்து அனுப்பினாலும் எங்கும் போய்ச் சேரவேண்டும் என்பதே தபாலின் அடிப்படை. பிற்காலத்தில் இதே எண்ணத்தைத்தான் அவர் தொலைபேசிக்கும் பொருத்தினார்.

3. பெல் கம்பனியில் முதற் கட்டம் (1878 – 1887)

பெல்லின் மாமனாரும் கம்பனியின் தலைவருமான கார்டினர் ஹபார்ட், வெய்லின் திறமையை நேரில் கண்டவர். அவர் 1878இல் வெய்லைப் பொது முகாமையாளராக அழைத்தார். உறுதியான அரச உத்தியோகத்தை விட்டு, பணமில்லாமல் தடுமாறிய ஒரு புதுக் கம்பனிக்குப் போவது துணிச்சலான முடிவாகும்.

அப்போது மிகப்பெரிய தந்திக் கம்பனியான வெஸ்ரேர்ண் யூனியன், எடிசன் அமைத்த சிறந்த பேசுகருவியுடன் தொலைபேசித் தொழிலில் இறங்கியிருந்தது. வெய்ல் பயப்படவில்லை. பெல்லின் ஆக்கவுரிமைப் பத்திரத்தின் பிரதியை முகவர்கள் எல்லோருக்கும் அனுப்பி உறுதியாக நிற்கும்படி கேட்டுக்கொண்டார். வழக்கும் தொடரப்பட்டது. 1879 நவம்பரில் இரு கம்பனிகளும் உடன்பாட்டுக்கு வந்தன. வெஸ்ரேர்ண் யூனியன் தொலைபேசித் தொழிலை விட்டு விலகியது. அதற்குப் பதிலாகத் தொலைபேசி வாடகையில் 20 சதவீதத்தைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பெற்றுக்கொண்டது. தந்தித் தொழிலில் இறங்குவதில்லை எனப் பெல் கம்பனி உடன்பட்டது.

இக்காலத்தில் வெய்ல் பின்பற்றிய முக்கிய நடவடிக்கைகள்:

அ. தொலைபேசிக் கருவிகளை விற்காமல் வாடகைக்கு விடும் முறையைத் தொடர்ந்தார்.
ஆ. ஒவ்வொரு பிராந்தியத்திலும் உள்ளூர் முதலீட்டாளர்கள் கம்பனி அமைக்க அனுமதிப்பத்திரம் வழங்கி, அக்கம்பனிகளின் பங்குகளில் ஒரு பகுதியைத் தாய்க் கம்பனிக்குப் பெற்றார்.
இ. வெஸ்ரேர்ண் இலெக்ரிக் என்னும் உற்பத்திக் கம்பனியைப் பெல் குழுமத்துடன் சேர்த்தார். இதனால் எல்லா இடத்துக்கும் ஒரே தரமான கருவிகள் கிடைத்தன.
ஈ. இரும்புக் கம்பிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைப் பயன்படுத்த ஊக்கமளித்தார். 1884இல் பொஸ்ரனும் நியூயோர்க்கும் இணைக்கப்பட்டன.

பிராந்தியக் கம்பனிகளைத் தூர அழைப்புகளால் இணைப்பதற்காக 1885இல் அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனி (ஏ.ரி. அன்ட் ரி.) தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வெய்ல். ஆனால் இலாபத்தைச் சேவை விரிவாக்கத்தில் மீண்டும் முதலிட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பொஸ்ரன் முதலீட்டாளர்களோ பங்கிலாபத்தையே பெரிதாகக் கருதினர். இந்த முரண்பாட்டினால் 1887இல் அவர் பதவி விலகினார்.

4. இடைக்காலம்

வெய்ல் வேர்மொண்ட் மாநிலத்தில் பண்ணை அமைத்து வாழ்ந்தார். ஆர்ஜென்ரீனாவில் நீர்மின் திட்டத்திலும் டிராம் வண்டிச் சேவையிலும் ஈடுபட்டார். 1905இல் மனைவி எம்மா காலமானார். அடுத்த ஆண்டு ஒரே மகனும் இறந்தார். செல்வம் இருந்தும் வீடு வெறுமையாயிற்று.

இதற்கிடையில் பெல்லின் முக்கிய ஆக்கவுரிமைகள் 1893, 1894ஆம் ஆண்டுகளில் முடிவடைந்தன. ஆயிரக்கணக்கான சுயாதீனக் கம்பனிகள் தோன்றின. பெல் கம்பனி கவனிக்காத சிற்றூர்களுக்கும் பண்ணைகளுக்கும் இவை தொலைபேசி கொடுத்தன. கட்டணங்களும் குறைந்தன. ஆனால் ஒரு கம்பனியின் வாடிக்கையாளர் மற்றக் கம்பனியின் வாடிக்கையாளருடன் பேச முடியாது. வியாபாரிகள் சிலர் மேசையில் இரண்டு தொலைபேசிகளை வைத்து இரட்டிப்புக் கட்டணம் செலுத்தினர். 1907 அளவில் நாட்டின் தொலைபேசிகளில் ஏறத்தாழ அரைவாசி சுயாதீனக் கம்பனிகளிடம் இருந்தது.

5. மீண்டும் தலைமைப் பதவியில் (1907 – 1919)

வங்கியாளர் ஜே.பி. மோர்கனின் செல்வாக்கின்கீழ் வந்த ஏ.ரி. அன்ட் ரி. கம்பனி, 1907இல் வெய்லைத் தலைவராக மீண்டும் அழைத்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபத்திரண்டு. நாடு முழுவதும் ஒரே கொள்கையின்கீழ் ஒரே அமைப்பாக இயங்கி எல்லோரையும் இணைக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். இங்கு மாணவர்கள் பலர் தவறு விடுகின்றனர். எல்லோருக்கும் மலிவாகத் தொலைபேசி கொடுப்பது என்று இதற்குப் பொருள் எழுதக் கூடாது. தொலைபேசி வைத்திருக்கும் எவரும் வேறு எவருடனும் பேசக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அவர் கருதிய பொருள்.

இதற்காகச் சுயாதீனக் கம்பனிகள் பலவற்றை வாங்கினார். 1909இல் வெஸ்ரேர்ண் யூனியனின் கட்டுப்பாட்டையும் பெற்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் எதிர்த்துப் போராடிய கம்பனி இப்போது அவர் கைக்கு வந்தது. தனியுரிமை வளர்கிறது என்ற எதிர்ப்பும் எழுந்தது. அரசாங்கம் நடவடிக்கை எடுத்தபோது, 1913 டிசம்பரில் கிங்ஸ்பரி உடன்பாடு எனப்படும் இணக்கம் ஏற்பட்டது. வெஸ்ரேர்ண் யூனியன் பங்குகளைக் கைவிடவும், தூர அழைப்புக் கம்பிகளைச் சுயாதீனக் கம்பனிகளுக்குத் திறந்துவிடவும், போட்டிக் கம்பனிகளை வாங்குவதை நிறுத்தவும் ஏ.ரி. அன்ட் ரி. சம்மதித்தது. தனியுரிமைக்கு அரச ஒழுங்குபடுத்தல் அவசியம் என்பதை வெய்ல் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தார். இதை நேர்மை என்போரும் உண்டு, தனியுரிமையைக் காப்பாற்றும் உபாயம் என்போரும் உண்டு.

1915 ஜனவரி 25இல் நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரையான தொலைபேசிப் பாதை திறந்துவைக்கப்பட்டது. நீளம் சுமார் 3,400 மைல். நடப்பட்ட கம்பங்கள் சுமார் 130,000. குரல் தேயாமல் செல்ல வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் உதவின. நியூயோர்க்கில் பெல்லும் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வற்சனும் உரையாடினர். உடல்நலக் குறைவால் ஜோர்ஜியா மாநிலத்தின் ஜெக்கில் தீவில் தங்கியிருந்த வெய்ல், அங்கிருந்தே கலந்துகொண்டார். ஆனால் முதல் மூன்று நிமிடங்களுக்குக் கட்டணம் 20.70 டொலர். சாதாரண தொழிலாளிக்கு அது எட்டாத தொகை.

முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1918 ஓகஸ்ட் முதல் ஓராண்டு தொலைபேசிச் சேவை தபால் திணைக்களத்தின்கீழ் வந்தது. 1919இல் வெய்ல் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1920 ஏப்ரல் 16இல் பால்ரிமோர் நகரில் காலமானார்.

6. மதிப்பீடு

வெய்ல் அமைத்த ஏற்பாடு அவருக்குப் பின்னும் நீண்டகாலம் நிலைத்தது. இறுதியில் 1984 ஜனவரி 1இல் அது பிரிக்கப்பட்டு, ஏழு பிராந்தியக் கம்பனிகள் உருவாகின. போட்டி மீண்டும் வந்தது. ஆனால் இணைப்பு அறுக்கப்படவில்லை. இன்று நீங்கள் ஒரு வலையமைப்பின் கைத்தொலைபேசியிலிருந்து வேறொரு வலையமைப்பின் இலக்கத்துக்குத் தயக்கமின்றி அழைக்கிறீர்கள். பல கம்பனிகள் இருந்தும் ஒரே அமைப்புப் போல இயங்குவது ஒழுங்குவிதிகளால் சாத்தியமாகிறது. ஒரே கம்பனியால்தான் இது முடியும் என வெய்ல் எண்ணியது முழுவதும் சரியல்ல. எல்லோரும் இணைக்கப்பட வேண்டும் என அவர் எண்ணியது சரியே. மதிப்பிடுமாறு கேட்கும் வினாவில் இவ்விரு பக்கங்களையும் எழுதினால் முழுப் புள்ளியை எதிர்பார்க்கலாம்.

நினைவிற் கொள்க

1845 – பிறப்பு
1876 – புகையிரதத் தபால் சேவைத் தலைமை அத்தியட்சகர்
1878 – பெல் கம்பனியின் பொது முகாமையாளர்
1885 – ஏ.ரி. அன்ட் ரி. கம்பனியின் முதல் தலைவர்
1887 – பதவி விலகல்
1907 – மீண்டும் தலைவர்
1913 – கிங்ஸ்பரி உடன்பாடு
1915 – கரைக்குக் கரை தொலைபேசிப் பாதை
1920 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. தபால் சேவையில் பெற்ற அனுபவம் வெய்லுக்குத் தொலைபேசித் தொழிலில் எவ்வாறு உதவியது?
2. 1887இல் அவர் பதவி விலகியதற்கான காரணத்தை விளக்குக.
3. சுயாதீனக் கம்பனிகளின் போட்டியால் மக்களுக்கு ஏற்பட்ட நன்மை இரண்டும் தீமை ஒன்றும் தருக.
4. ஒரு சேவையை ஒரே கம்பனி வழங்குவது பொருத்தமானதா? வெய்லின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு உமது கருத்தை எழுதுக.